கூரைக்கு உண்டு, ஆசிரியருக்கு இல்லை: சமூக மேம்பாட்டு மானியம் எப்படி வேலை செய்கிறது?

பள்ளி விட்டதும் 60 பிள்ளைகள் வந்து உட்காரும் ஒரு மாலை வகுப்பு மையத்தை எடுத்துக்கொள்வோம். நடத்துவது ஒரு சிறு தொண்டு அமைப்பு. மழை பெய்தால் கூரை ஒழுகுகிறது. இரண்டு ஆசிரியர்களுக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி. நகர நிர்வாகம் சமூக மேம்பாட்டு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு, கூரைக்கும் சம்பளத்துக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போடுகிறார்கள். நான்கு மாதம் கழித்துப் பதில் வருகிறது: கூரைக்கு உண்டு, சம்பளத்துக்கு இல்லை.

மையத்தின் பொறுப்பாளருக்குக் கோபம் வரத்தான் செய்யும். “சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வகுப்புக்குக் கூரை எதற்கு?” கேள்வி நியாயமானதுதான். ஆனால் பணம் தருகிறவர் பக்கம் போய் நின்று பார்த்தால் அந்தப் பதிலில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் மானியம் பற்றி முக்கால்வாசி புரிந்த மாதிரி.

முதலில் அடிப்படை. மானியத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அதனால் அது கடனில் சேராது. அதற்காக நன்கொடை என்றும் நினைத்துவிடக் கூடாது. நன்கொடை தருகிறவர் பெரும்பாலும் உங்களை நம்பிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மானியம் தருகிறவர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்: இன்ன வேலை, இன்ன பகுதி, இத்தனை பேர், இந்தத் தேதிக்குள். மானியம் என்ற சொல்லே ஒரு காலத்தில், ஏதோ ஓர் ஊழியத்துக்காக வரி இல்லாமல் விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. வேலையோடு சேர்த்துக் கட்டிய கொடை என்ற அந்தப் பொருள் இன்றைய மானியத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

அடுத்து ‘சமூக மேம்பாடு’ என்ற அடைமொழி. இதைப் பலர் அலங்காரச் சொல்லாக நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கல்வித் தொண்டு செய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பிள்ளை. சமூக மேம்பாட்டு நிதியை வைத்திருப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்தப் பகுதி. தெருவிளக்கு, வடிகால், வீடு, வேலைவாய்ப்பு என்ற வரிசையில்தான் படிப்பும் இளைஞர் நலனும் அவர் பட்டியலுக்குள் வருகின்றன. ஒரே மாலை வகுப்பை நீங்கள் ‘வாசிப்புத் திறன்’ என்று சொல்வீர்கள். அவர் ‘வருமானம் குறைந்த பகுதியில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம்’ என்று எழுதிக்கொள்வார். இரண்டும் உண்மைதான். விண்ணப்பத்தில் இரண்டும் இருக்க வேண்டும்.

கூரைக் கதைக்கு வருவோம். இந்த வகை மானியத்தில் பெயர் பெற்றது அமெரிக்காவின் சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியம். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. மத்திய அரசின் வீட்டுவசதி, நகர மேம்பாட்டுத் துறை அதைப் பெரிய நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் நேரடியாகவும், சிறிய ஊர்களுக்கு மாநில அரசுகள் வழியாகவும் பிரித்துத் தருகிறது. தொண்டு அமைப்புகள் போய் நிற்பது பெரும்பாலும் நகர நிர்வாகத்தின் வாசலில்தான்.

அந்தச் சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு. நகரம் பெறும் மானியத்தில் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் ‘பொதுச் சேவை’களுக்குப் போகக் கூடாது. மாலை வகுப்பு, குழந்தைக் காப்பகம், முதியோர் உணவு, வீடற்றோர் தங்குமிடத்தை நடத்தும் செலவு, வேலைப் பயிற்சி, போதை மீட்பு எல்லாமே பொதுச் சேவைதான். திட்டமிடலுக்கும் நிர்வாகத்துக்கும் 20 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆக நகரத்துக்கு வந்தது 100 பங்கு என்றால், குறைந்தது 65 பங்கு கட்டடம், பழுது, வீடு, சாலை, தொழில் வளர்ச்சி போன்ற வேலைகளுக்குத்தான் போயாக வேண்டும். அந்த 15 பங்குக்கு ஊரிலுள்ள அத்தனை தொண்டு அமைப்புகளும் வரிசையில் நிற்கின்றன. ஆசிரியர் சம்பளம் அந்த நெரிசலான வரிசை. ஒழுகும் கூரை அடுத்த வரிசை, அங்கே கூட்டம் கம்மி.

நம் பொறுப்பாளருக்கு வந்த பதிலின் பின்னால் இருந்தது இந்த மாதிரி ஒரு கணக்குதான். அவருடைய வகுப்பு நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பை யாரும் சொல்லவில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்ததும் ‘நம் வேலைக்கு மதிப்பில்லை’ என்று சோர்ந்து, திட்டத்தையே கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பிரிவில் இடம் இருந்தது, எந்தப் பிரிவு நிரம்பிவிட்டது என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருந்தால் போதும், அடுத்த சுற்றில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

அதே சட்டத்தின் இன்னொரு விதியும் புதியவர்களைத் தடுக்கி விழவைக்கும். இந்தப் பணத்தில் குறைந்தது 70 சதவீதம், குறைந்த, நடுத்தர வருமானம் உள்ளவர்களுக்குப் பயன்பட வேண்டும். அந்த வட்டாரத்தின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் (வருமான வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்) 80 சதவீதத்துக்கு மேல் போகாதவர்கள் என்று அதற்கு வரையறை. இப்போது பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தினால், அவர்களை இந்தப் பிரிவில் உள்ளவர்கள் என்று விதியே ஏற்றுக்கொள்கிறது. யாரிடமும் வருமானச் சான்று கேட்கத் தேவையில்லை. அதே அறையில், அதே பலகையில், பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினால் அந்தச் சலுகை கிடையாது. வேறு வழியில் நிரூபிக்க முடியாவிட்டால், வருகிறவர்களில் குறைந்தது 51 சதவீதம் பேர் அந்த வருமான வரம்புக்குள் இருக்கிறார்கள் என்று குடும்ப அளவும் வருமானமும் வாங்கிப் பதிவேட்டில் காட்ட வேண்டும். ஒரு தாயிடம் “உங்கள் வீட்டு வருமானம் எவ்வளவு?” என்று கேட்பது சங்கடமான வேலை. அதைச் சேர்க்கைப் படிவத்தில் முதல் நாளே வைத்துவிட்டால் சங்கடம் பாதியாகக் குறையும். ஆண்டு முடிவில் 60 வீட்டுக்கும் நடந்து சேகரிப்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவோ மேல்.

நாட்டுக்கு நாடு விதிகளின் எண்கள் மாறும். ஆனால் இந்தச் சட்டகம் எங்கும் உண்டு: எதற்கு, யாருக்கு, எவ்வளவு வரை, எப்படி நிரூபிப்பது. மானிய அறிவிப்பைக் கையில் எடுத்ததும் இந்த நான்கையும் தேடிப் பென்சிலால் கோடிடுங்கள். மற்ற பத்திகளை அப்புறம் வாசிக்கலாம்.

சரி, அரசைத் தவிர வேறு யார் தருகிறார்கள்? தனியார் அறக்கட்டளைகள், நிறுவனங்கள், அப்புறம் சமூக அறக்கட்டளைகள். நிறுவனங்களைப் பொறுத்தவரை இந்தியா ஒரு சுவையான உதாரணம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் அந்தப் பணிகளின் பட்டியலில் உண்டு. இப்படி ஆண்டுக்கணக்கில் அளந்து செலவிட வேண்டிய பணத்துக்கு ஒரு குணம் உண்டு: ஆண்டு முடிவதற்குள் செலவாகிவிட வேண்டும் என்ற பதற்றம். வேலையைக் காலாண்டு வாரியாகப் பிரித்துக் காட்டும் அமைப்புக்கு அங்கே மரியாதை அதிகம்.

சமூக அறக்கட்டளையின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரெடெரிக் காஃப் என்ற வங்கியாளர் முதல் சமூக அறக்கட்டளையைத் தொடங்கினார். அவரை உறுத்திய பிரச்சினை இது: செல்வந்தர்கள் உயிலில் ஒரு நோக்கத்தை எழுதிவைத்துவிட்டு இறந்துபோகிறார்கள். காலம் மாறுகிறது. நோக்கம் காலாவதி ஆகிறது, பணம் மட்டும் வங்கியில் கட்டுண்டு கிடக்கிறது. இதை ‘இறந்தவர் கை’ என்பார்கள். காஃப் சொன்ன தீர்வு எளிமையானது: பலருடைய கொடையையும் ஒரே இடத்தில் சேர்த்து, ஊருக்கு இன்றைக்கு எது தேவை என்பதை ஊர்க்காரர்கள் கொண்ட குழு முடிவு செய்யட்டும். முதல் முறை மானியம் கேட்கிற சிறு அமைப்புக்கு, கிடைக்குமானால், இந்த வாசலைத்தான் நான் முதலில் காட்டுவேன். தொகை சிறிதாக இருக்கும். ஆனால் முடிவெடுப்பவர் உங்கள் தெருவை நடந்து பார்த்தவராக இருப்பார்.

காஃபைத் தொந்தரவு செய்த அதே கட்டு, சிறிய அளவில் ஒவ்வொரு மானியத்திலும் இருக்கிறது. மானியப் பணத்தை மேலே பெயர் எழுதிய உறை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ‘கூரை’ என்று எழுதிய உறையிலிருந்து சம்பளம் எடுக்கக் கூடாது, ஒரு வாரத்துக்குக் கைமாற்றாகக்கூட. இதைத்தான் கட்டுப்பட்ட நிதி என்கிறோம். பெயர் எழுதாத உறைகளும் உண்டு: உறுப்பினர் சந்தா, சில்லறை நன்கொடை, நிகழ்ச்சியில் திரட்டியது. அது கட்டற்ற நிதி. அளவில் சின்னது, ஆனால் எந்த ஓட்டையையும் அடைக்கும். புதிய அமைப்புகள் செய்யும் தவறு, கட்டற்ற பணத்தை முதலில் செலவழித்துவிட்டு, கட்டுப்பட்ட பணத்தை வைத்துக்கொண்டு விழிப்பது.

இனி பட்ஜெட். நம் மையம் ஓர் அறக்கட்டளையிடம் ஓராண்டு வாசிப்புத் திட்டத்துக்குப் பணம் கேட்கிறது என்று வையுங்கள். மொத்தம் 100 பங்கு. ஆசிரியர்களுக்கு 55, ஒருங்கிணைப்பாளரின் நேரத்தில் இந்தத் திட்டத்துக்குச் சேரும் பகுதிக்கு 12, புத்தகமும் பொருட்களும் 10, போக்குவரத்து 5, பிள்ளைகளின் முன்னேற்றத்தை அளக்க 5. கூட்டினால் 87. மீதி 13?

அங்கேதான் கை நடுங்கும். வாடகை, மின்சாரம், கணக்கர், தணிக்கை, இணையம், கணினிப் பழுது எல்லாம் அந்த 13தான். “நிர்வாகச் செலவு என்று போட்டால் தர மாட்டார்கள்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதனால் அதை 3 ஆக்கி, 10 பங்கைப் புத்தகத்தில் ஏற்றி, விண்ணப்பத்தை அனுப்புவார்கள். கணக்கரை நிறுத்திவிட்டு ஒருங்கிணைப்பாளரே இரவில் கணக்கெழுதுவார். அறிக்கை தாமதமாகும். தாமதமான அமைப்புக்கு அடுத்த மானியம் கிடைக்காது. இந்தச் சங்கிலிக்குப் ‘பட்டினிச் சுழல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மத்திய அரசின் மானியங்களில், அரசோடு தனியாகப் பேசி முடித்த விகிதம் இல்லாத அமைப்புகள், வாடகை, கணக்கர் போன்ற மறைமுகச் செலவுக்காக நேரடிச் செலவில் 10 சதவீதம் வரை கேட்கலாம் என்று இருந்தது. 2024 அக்டோபரிலிருந்து அது 15 சதவீதம். நம் கணக்கில் 87இல் 15 சதவீதம், ஏறக்குறைய அந்த 13. வெட்கப்பட ஒன்றுமில்லை. தருகிறவர் உச்சவரம்பு வைத்திருந்தால் அதற்குள் கேளுங்கள். ஆனால் ஒரு செலவை இன்னொரு பெயரில் ஒளிக்க வேண்டாம். தணிக்கையில் அது வெளியே வந்தே தீரும்.

அளப்பதற்கு 5 பங்கு ஒதுக்கியிருக்கிறோமே, அது எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கென்யாவிலிருந்து ஒரு செய்தி. மேற்குக் கென்யாவில் பாடப்புத்தகம் போதாத பள்ளிகளுக்குப் புத்தகம் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வாளர்களில் ஒருவர் மைக்கேல் கிரேமர், பின்னால் 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரோடும் பொருளியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர். புத்தகம் கொடுத்ததால் சராசரி மதிப்பெண் ஏறவில்லை. முன்பே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் பலன் கிடைத்தது. புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. விநியோகித்த புத்தகங்களை எண்ணி அறிக்கை எழுதியிருந்தால் அந்தத் திட்டம் பெரும் வெற்றி என்றுதான் முடிந்திருக்கும்.

எத்தனை வகுப்பு, எத்தனை புத்தகம், எத்தனை பேர் என்பதெல்லாம் செய்த வேலையின் அளவு. பிள்ளையிடம் என்ன மாறியது என்பது விளைவு. விண்ணப்பப் படிவம் இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் கேட்கும், நாம் இரண்டிலும் ஒன்றையே எழுதிவைப்போம். விளைவை அளக்கப் பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்வது, ஆண்டு முடிவில் அதே கடினத்தில் வேறொரு பத்தி. இரண்டு வரிசை எண்கள். போதும்.

அந்த எண்கள் விண்ணப்பத்துக்கும் உதவும். விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் குழுவில் சில காலம் உட்கார்ந்திருக்கிறேன். பத்து விண்ணப்பங்களில் குறைந்தது எட்டு இப்படித்தான் தொடங்கும்: “எங்கள் பகுதியில் கல்வியில் பின்தங்கிய ஏழைப் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்குத் தரமான கல்வி அளிப்பதே எங்கள் இலட்சியம்.” தவறு ஒன்றும் இல்லை. படித்து முடித்ததும் ஒன்றும் நினைவில் நிற்காது, அவ்வளவுதான். இதோடு ஒப்பிடுங்கள்: “எங்களிடம் வருகிறவர்களில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேர். அவர்களிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். தடுமாறாமல் வாசித்தவர்கள் 9 பேர். மீதி 23 பேருக்காக இந்தத் திட்டம்.” இங்கே தேவை இருக்கிறது, யார் என்று இருக்கிறது, எதை அளக்கப்போகிறார்கள் என்பதும் கூடவே வந்துவிட்டது. பட்ஜெட்டும் அதிலிருந்தே பிறக்கும்: 23 பேருக்கு எத்தனை ஆசிரியர், வாரம் எத்தனை மணி நேரம்.

எழுத உட்காரும் முன் மானியம் தருகிறவரின் திட்ட அலுவலரோடு ஒருமுறை பேசிவிடுங்கள். “இந்த மாதிரி வேலை உங்கள் எல்லைக்குள் வருமா?” என்று கேட்டால் பெரும்பாலும் நேராகப் பதில் சொல்வார்கள். பதிவுச் சான்றிதழ், தணிக்கைக் கணக்கு, நிர்வாகக் குழுவின் தீர்மானம், பிள்ளைகளோடு பழகுவோருக்கான பாதுகாப்பு விதிகள் இவையெல்லாம் ஒரு கோப்பில் தயாராக இருக்கட்டும். கடைசி நாள் மாலையில் தேடினால் கிடைக்காது. இணைநிதி, அதாவது செலவில் உங்கள் பங்காக ஒரு பகுதி, கேட்கிறார்களா என்றும் பாருங்கள். சிலர் தன்னார்வலர்களின் உழைப்பையும் இலவசமாகக் கிடைத்த இடத்தையும் மதிப்பிட்டு இணைநிதியாக ஏற்றுக்கொள்வார்கள்.

மானியம் கிடைத்துவிட்டது என்ற கடிதம் வந்த அன்று இனிப்பு வாங்கலாம், கூரை போட ஆள் பிடிக்கக் கூடாது. அரசு மானியத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் செய்த செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். மேலே சொன்ன அமெரிக்கத் திட்டத்தில் கட்டட வேலைக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து அனுமதி வர வேண்டும். அதற்கு முன் ஒப்பந்தக்காரரோடு கையெழுத்துப் போட்டாலே அந்த வேலைக்கான பணம் போய்விடலாம். அடுத்த அதிர்ச்சி, பணம் முன்கூட்டி வராது என்பது. பல மானியங்களில் நீங்கள் செலவழித்து, ரசீது அனுப்பி, அவர்கள் சரிபார்த்து, அப்புறம்தான் திருப்பித் தருவார்கள். இடையில் இரண்டு மாதம் ஓடிவிடும். அந்த இரண்டு மாதத்தைத் தாங்கக் கையிருப்பு இல்லாமல், மானியம் கிடைத்தும் திணறிய அமைப்புகள் உண்டு. முன்பணமாக ஒரு பகுதி தர முடியுமா என்று ஒப்பந்தப் பேச்சிலேயே கேட்டுவிட வேண்டும்.

கூரை வாடகைக் கட்டடத்தின் மேல் என்றால் இன்னொரு சிக்கல். பொதுப் பணத்தில் மேம்படுத்திய கட்டடத்தைச் சில ஆண்டுகளுக்கு அதே நோக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்பார்கள். வீட்டுக்காரர் அடுத்த ஆண்டு காலி செய்யச் சொன்னால் என்ன ஆகும்? குத்தகைப் பத்திரத்தை அதற்குத் தக்கபடி நீட்டித்த பிறகுதான் அந்தப் பணத்தைத் தொட வேண்டும்.

ஆசிரியர்களின் அந்த மூன்று மாதப் பாக்கி என்னவாயிற்று? பழைய கடனை அடைக்க மானியம் பொதுவாகக் கிடைக்காது. அது எந்த விண்ணப்பத்திலும் எழுதக் கூடாத வரி. ஆனால் நம் பொறுப்பாளர் கோபம் ஆறியதும் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். பெற்றோரும் பழைய மாணவர்களும் எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்த பணத்தை, கூரை இடிந்துவிழுந்தால் தேவைப்படும் என்று இரண்டு வருடமாகத் தொடாமல் வைத்திருந்தார். இப்போது கூரைக்கு வேறு உறை வந்துவிட்டது. அன்று மாலை வகுப்பு முடிந்ததும் இரண்டு ஆசிரியர்களையும் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார்.